எச்டி டிவிடியா, புளூ-ரேயா: தோற்றுப்போன தட்டுகளை இன்னும் வைத்திருக்கலாமா?

#1 பரண்காரன்

மாமா வீட்டைக் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி என் பங்குக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு எச்டி டிவிடி பிளேயர், சிவப்பு உறை போட்ட 43 தட்டுகள். 2007இல் ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறார். அடுத்த வருடமே, போட்டித் தட்டான புளூ-ரேயிடம் தோற்று, அந்த வகைத் தட்டுக்கு மூடுவிழா நடந்துவிட்டது என்பதைக் கடைசிவரை எங்களிடம் அவர் சொல்லவே இல்லை.

மின்சாரம் கொடுத்தேன், உயிர் வந்தது. முதல் தட்டு ஓடவும் செய்தது. என்னிடம் ஏற்கெனவே புளூ-ரே பிளேயரும் 55 அங்குல ஓஎல்இடி டிவியும் இருக்கின்றன. இப்போது சந்தேகம் என்னவென்றால், இந்தத் தட்டு தோற்றது படம் சுமாராக இருந்ததாலா? அப்புறம், இந்தப் பிளேயர் 1080ஐ (1080i) வகைப் படத்தை மட்டும்தான் அனுப்புகிறது, எல்லா வரிகளையும் ஒன்றாக அனுப்பும் 1080பி (1080p) இல்லை. அதனால் பாதிப் படம் போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தட்டுகளை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

#2 தட்டுச்சுற்றி

தூக்கிப் போடாதீர்கள்! நானும் அந்தக் காலத்தில் சிவப்புக் கட்சிதான், அதாவது எச்டி டிவிடி பக்கம். படம் சுமாராக இருந்ததால் தோற்கவில்லை. முதல் வருடத்தில் நிலைமை தலைகீழாகத்தான் இருந்தது.

2006 ஏப்ரலில் அமெரிக்காவில் எச்டி டிவிடி வந்தது, ஜூனில் புளூ-ரே. முதல் புளூ-ரே பிளேயரின் விலை, எச்டி டிவிடி அணியின் தோஷிபா பிளேயரைப் போல இரண்டு மடங்கு. அத்தனை கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ 25 ஜிபி ஒற்றை அடுக்குத் தட்டு, அதில் பழைய எம்பெக்-2 கோடெக் (படத்தைச் சுருக்கி அடைக்கும் முறை). எங்கள் பக்கம் 30 ஜிபி இரட்டை அடுக்கும் விசி-1 கோடெக்கும். அப்போதைய படங்களை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் யாரும் புளூ-ரே ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

எச்டி டிவிடியில் மண்டலப் பூட்டு கிடையாது. உலகில் எங்கே வாங்கிய தட்டும் எங்கேயும் ஓடும். புளூ-ரேயில் ஏ, பி, சி என்று மூன்று மண்டலம் வைத்தார்கள். முதல் நாளிலிருந்தே எங்கள் பிளேயர்களில் இணைய இணைப்பும், படத்துக்குள் இன்னொரு படம் காட்டும் வசதியும் கட்டாயம். புளூ-ரே இதையெல்லாம் 1.0, 1.1, 2.0 என்று தவணை முறையில் கொடுத்தது. முதலில் வாங்கியவர்கள் பரிசோதனை எலிகள்.

அப்படியும் தோற்றோம். ஸ்டூடியோக்கள் கட்சி மாறினால் தட்டு என்ன செய்யும்?

#3 நீலக்கதிர்

அண்ணே, பதினெட்டு வருடம் ஆகியும் காயம் ஆறவில்லை போல :)

பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். 2006 அக்டோபரிலேயே 50 ஜிபி புளூ-ரே வந்துவிட்டது. ஏவிசி, விசி-1 என்ற புதிய கோடெக்குகள் இரண்டும் புளூ-ரேயிலும் உண்டு. தரவு வேகத்தையும் பாருங்கள்: எச்டி டிவிடியில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு அதிகபட்சம் 29.4 மெகாபிட், புளூ-ரேயில் 40. சுருக்காத ஒலியையும் நீளமான படத்தையும் ஒரே தட்டில் போட 30 ஜிபி இழுபறிதான். முதல் ஆறு மாதக் குழப்பத்தை வைத்து ஒரு தொழில்நுட்பத்துக்கே தீர்ப்பு எழுதாதீர்கள்.

அப்புறம் பிளேஸ்டேஷன் 3. 2006 நவம்பரில் வந்தது, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு புளூ-ரே பிளேயர். விளையாட வாங்கியவன் வீட்டுக்கும் சத்தமில்லாமல் புளூ-ரே போய்ச் சேர்ந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி டிவிடி டிரைவை வெளியில் மாட்டும் தனிப் பெட்டியாக விற்றார்கள். தனியாகக் காசு கொடுத்து எத்தனை பேர் வாங்குவார்கள்?

#4 தட்டுச்சுற்றி

51 ஜிபி மூன்றடுக்கு எச்டி டிவிடிக்கும் 2007இல் அனுமதி கிடைத்தது, நினைவிருக்கட்டும்.

#5 நீலக்கதிர்

அந்தத் தட்டில் வெளிவந்த ஒரு படத்தின் பெயர் சொல்லுங்கள் அண்ணே. காத்திருக்கிறேன்.

#6 லென்சுக்கண்

இந்தச் சண்டையில் இரண்டு பேரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. ஓர் அடுக்குக்கு எச்டி டிவிடியில் 15 ஜிபி, புளூ-ரேயில் 25 ஜிபி என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? யாரும் மேசையில் உட்கார்ந்து பேரம் பேசி எடுத்த எண்கள் அல்ல அவை. லென்சு கொடுத்த எண்கள்.

தட்டைப் படிக்கும் ஒளிப்புள்ளி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நெருக்கமாகக் குழிகளைப் போடலாம். புள்ளியின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: லேசரின் அலைநீளம், லென்சு ஒளியைக் குவிக்கும் திறன் (என்.ஏ. என்பார்கள்). முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் புள்ளியின் ஒப்பீட்டு அளவு கிடைத்துவிடும்.

டிவிடியில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், என்.ஏ. 0.60. வகுத்தால் சுமார் 1083. எச்டி டிவிடியில் 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர், என்.ஏ. 0.65. அதாவது 623. புளூ-ரேயில் அதே 405 லேசர்தான், ஆனால் என்.ஏ. 0.85. அதாவது 476. பெயரில் நீலம் இருப்பதால் புளூ-ரேயில் மட்டும்தான் நீல லேசர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேசர் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் லென்சில்.

தட்டு என்பது பரப்பு, ஆகவே வர்க்கம் எடுக்க வேண்டும். 623ஐ 476ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 1.7. எச்டி டிவிடியின் ஓர் அடுக்கு 15 ஜிபி. அதை 1.7 ஆல் பெருக்குங்கள். 25 ஜிபி வந்து நிற்கும்! டிவிடியின் 4.7 ஜிபியிலிருந்து 15க்கும் இதே வழியில் கிட்டத்தட்ட போய்விடலாம். முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உட்கார முடியவில்லை.

அப்படியானால் எச்டி டிவிடிக்காரர்கள் ஏன் 0.85 லென்சை வைக்கவில்லை? லென்சு எவ்வளவு கூர்மையாகக் குவிக்கிறதோ, அவ்வளவுக்குத் தட்டின் சிறு சாய்வைக்கூட அதனால் தாங்க முடியாது. சாய்வால் வரும் மங்கல், என்.ஏ.வின் முப்படியோடு கூடுகிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடிமனோடும் கூடுகிறது. 0.85 வேண்டுமென்றால் தடிமனைக் குறைத்தே ஆக வேண்டும். அதனால்தான் புளூ-ரேயில் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. டிவிடியிலும் எச்டி டிவிடியிலும் 0.6 மில்லிமீட்டர்.

இந்த அரை மில்லிமீட்டர்தான் முழுச் சண்டையும். 0.6ஐ அப்படியே வைத்துக்கொண்டால், இருக்கிற டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றியே எச்டி டிவிடி அச்சிடலாம். 0.1 என்றால் புதிய எந்திரங்கள், புதிய பூச்சு முறை. தோஷிபா பழைய ஆலைகளை நம்பியது. புளூ-ரேயின் சோனி அணி தட்டில் கிடைக்கும் இடத்தை நம்பியது. 2005இல் இரண்டையும் ஒன்றாக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. ஆனால் 0.1ஐயும் 0.6ஐயும் சேர்த்து 0.35 என்று சமரசம் செய்ய முடியாதே! யாராவது ஒருவர் முழுதாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

மெல்லிய உறை என்பதால் கீறல் பயமும் இருந்தது. 2003இல் ஜப்பானில் வந்த முதல் புளூ-ரே பதிவுத் தட்டுகளைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் விற்றார்கள். பிறகு டிடிகே கண்டுபிடித்த கடினப் பூச்சு வந்து அந்தக் கூட்டைத் தேவையில்லாமல் ஆக்கியது.

#7 புதுவரவு

இவ்வளவு கணக்கு எதற்கு சார்? எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் 4கேயில் வருகிறது. தட்டே செத்துப்போன சங்கதி.

#8 லென்சுக்கண்

தம்பி, 4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும்தான். ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் கொடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஸ்ட்ரீமிங் 4கே பெரும்பாலும் விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வரை. 2016இல் வந்த 4கே புளூ-ரேயில் 100 ஜிபி தட்டுக்கு மொத்த வேகம் 128 வரை போகலாம். இரண்டிலும் எச்இவிசி வகைக் கோடெக்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து மடங்கு இடைவெளி. பகல் காட்சியில் தெரியாது. புகை, மழை, இருட்டு அறை, பழைய பிலிமின் மணல் போன்ற துகள், இவை வரும்போது பாருங்கள். இருட்டு படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும்.

ஆனால் தட்டு சாகிறது என்பதில் நீங்கள் சொல்வது தப்பில்லை. சாம்சங் 2019இல் பிளேயர் செய்வதிலிருந்து விலகியது. 2025 பிப்ரவரியில் சோனி பதிவுத் தட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. ஜெயித்தவர்களுக்கும் வயதாகிவிட்டது.

#9 இருட்டறை

பரண்காரரின் இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

1080ஐ என்றதும் பாதிப் படம் என்று பயப்படத் தேவையில்லை. சினிமா விநாடிக்கு 24 சட்டகம். 1080ஐயில் விநாடிக்கு 60 அரைச்சட்டகங்கள்: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை. 24 சட்டகங்களை அதில் அடைக்க, ஒரு சட்டகத்தை இரண்டு அரைச்சட்டகமாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். இதில் எந்த வரியும் தொலைந்துபோவதில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்து அனுப்புகிற மாதிரிதான், எல்லாச் சீட்டும் கட்டில் இருக்கிறது. உங்கள் டிவி அந்த 2-3 தாளத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப அடுக்கிவிட்டால் மூலத்தில் இருந்த 24 முழுச் சட்டகங்களும் அப்படியே கிடைக்கும்.

கண்டுபிடிக்காத டிவியில் என்ன ஆகும்? அரைச்சட்டகத்தை இழுத்து நீட்டிக் காட்டும். மெல்லிய கோடுகள் நடுங்கும், சாய்ந்த விளிம்புகள் ரம்பம்போல் தெரியும். அந்தக் காலத்து டிவிகளில் பல இந்தத் தேர்வில் தோற்றன. "எச்டி டிவிடியின் 1080ஐ மட்டம்" என்ற பெயர் வந்ததற்கு அந்த டிவிகளுக்கும் பங்கு உண்டு.

உங்கள் டிவி மெனுவில் "ஃபிலிம் மோட்" அல்லது "சினிமா" என்று தொடங்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். கூடவே இன்னொன்று. டிவி, படத்தின் ஓரங்களைச் சில சதவீதம் வெட்டி மீதியை நீட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். வெட்டாமல் காட்டும் அமைப்புக்கு ஜஸ்ட் ஸ்கேன், டாட் பை டாட், ஃபுல் பிக்சல் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். அது ஆஃபில் இருந்தால் நீங்கள் எந்தத் தட்டைப் போட்டாலும் புள்ளிக்குப் புள்ளி படம் வராது.

அப்புறம் ஒரு கசப்பான விஷயம். 2007இல் வீடுகளில் இருந்த தட்டையான டிவிகளில் பெரும்பகுதி 1366×768 தான். 1920×1080 படத்தை அதில் சுருக்கிக் காட்டினார்கள். கிட்டத்தட்ட 21 லட்சம் புள்ளிகளில் ஏறத்தாழ பாதி போய்விடும். இரண்டு அணிகளும் ரத்தம் சிந்திச் சண்டை போட்ட வித்தியாசத்தைக் காட்டும் திரையே பலர் வீட்டில் இல்லை.

#10 தட்டுச்சுற்றி

இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் அப்போது இருந்தது 768 வரி பிளாஸ்மாதான். அதை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை விசி-1 பெரிதா ஏவிசி பெரிதா என்று வாதாடியிருக்கிறேன்.

#11 நீலக்கதிர்

அந்த வாதத்தில் எதிர்ப்பக்கம் நானாகக்கூட இருந்திருக்கலாம். என்னுடையது 32 அங்குலம், மூன்று மீட்டர் தள்ளி சோபா.

#12 இருட்டறை

தூரத்தைச் சொன்னீர்களே, அதுவும் கணக்கில் வர வேண்டும். நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 55 அங்குலத் திரையில் 1080 வரிகளைப் பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் 0.63 மில்லிமீட்டர். சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் போனால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதே திரையில் 4கேயின் முழுப் பயனும் வேண்டுமென்றால் 1.1 மீட்டருக்கு வர வேண்டும். சோபாவை யாரும் அங்கே போடுவதில்லை. அதனால்தான் 4கே தட்டில் நான் மெச்சுவது புள்ளிகளை அல்ல, எச்டிஆரையும் (இருட்டையும் வெளிச்சத்தையும் விரிந்த அளவில் காட்டும் முறை) 10 பிட் நிறத்தையும். ஒரு நிறத்துக்கு 256 படிகள் இருந்த இடத்தில் 1024 படிகள். அது எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். பல 4கே தட்டுகள் 2கேயில் (ஏறத்தாழ 1080 வரி அளவில்) முடிக்கப்பட்ட படத்தைப் பெரிதாக்கியவைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவையும் சாதாரண புளூ-ரேயை விட நன்றாகத் தெரிவது பெரும்பாலும் இந்த நிறப் படிகளாலும் ஒளியாலும்தான்.

#13 பரண்காரன்

ஃபிலிம் மோட் போட்டேன். கோடுகள் நடுங்குவது நின்றுவிட்டது. நன்றி இருட்டறை!

ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. கேமரா மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பும் காட்சிகளில் படம் தட்டித் தட்டிப் போகிறது. பழைய எல்சிடி டிவியில் இது இவ்வளவு தெரிந்ததில்லை. தட்டின் கோளாறா?

#14 இருட்டறை

தட்டின் மேல் பழி போடாதீர்கள். ஓஎல்இடி மிக வேகமானது என்பதுதான் காரணம்.

ஓஎல்இடி புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவிவிடும். 24 சட்டகப் படத்தில் ஒவ்வொரு சட்டகமும் 42 மில்லிவிநாடி அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாக அடுத்த இடத்துக்குக் குதிக்கிறது. கண்ணுக்கு அது தட்டுவதாகத் தெரிகிறது. பழைய எல்சிடியில் புள்ளி நிறம் மாறச் சோம்பல் படும். அந்த இழுவை குதிப்பை மழுக்கிவிடும். குறைதான், ஆனால் இந்த இடத்தில் மட்டும் உதவிய குறை.

இதற்கு மேல் 2-3 தாளம் வேறு. டிவி 24ஐத் திரும்ப எடுத்த பிறகும் 60 ஹெர்ட்சிலேயே காட்டினால், ஒரு சட்டகம் சற்றுக் குறைவாகவும் அடுத்தது சற்று அதிகமாகவும் நிற்கும். நொண்டி நடை. 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஒவ்வொரு சட்டகத்தையும் சரியாக ஐந்து முறை காட்டலாம், நொண்டல் போய்விடும். மெனுவில் "ஜடர்" என்ற பெயரில் ஓர் அளவுகோல் இருந்தால், அதில் 24க்கான தேர்வைப் போடுங்கள். இடையில் இல்லாத சட்டகங்களை டிவியே கற்பனை செய்து நுழைக்கும் அமைப்பை மட்டும் தொடாதீர்கள். சினிமா, சீரியல் ஆகிவிடும்.

சண்டைக்காட்சியோ விளையாட்டோ என்றால் வேறு பிரச்சினை: சட்டகம் அணையாமல் நின்றுகொண்டே இருப்பதால் வரும் மங்கல். கண் பந்தோடு நகர்கிறது, படம் நகராமல் நிற்கிறது. 60 ஹெர்ட்சில் விநாடிக்கு 960 புள்ளி நகரும் பொருள் 16 புள்ளி அகலத்துக்கு விழித்திரையில் பூசிக்கொள்ளும். பழைய குழாய் டிவியான சிஆர்டியிலும் பிளாஸ்மாவிலும் ஒளி சிறு துடிப்பாக வந்து அணைந்துவிடும் என்பதால் இந்தப் பூச்சு குறைவு.

பிளாஸ்மா என்று எழுதியதும் கை நிற்க மாட்டேன் என்கிறது. பயனியர் நிறுவனத்தின் குரோ வரிசை. பெயரே ஜப்பானிய மொழியில் கறுப்பு. இருட்டு அறையில் பார்த்தால் டிவியின் வெளிச்சட்டம் எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. 2009இல் பயனியர் டிவி செய்வதையே விட்டது. பானாசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. வெளிச்சமான கடையில் பத்து டிவிகளை வரிசையாக வைத்தால் பளிச்சென்ற எல்சிடிதான் கண்ணில் படும். வீட்டில் விளக்கை அணைத்த பிறகுதான் பிளாஸ்மா பேசும். விற்பனை நடப்பது கடையில்.

#15 தட்டுச்சுற்றி

இதே கதைதான். நல்லது தோற்கும் என்று நான் சொன்னால் புலம்பல் என்கிறார்கள்.

தோஷிபாவுக்கு அந்தத் தசாப்தமே சரியில்லை. கேனனோடு சேர்ந்து எஸ்இடி என்றொரு திரையும் செய்ய முயன்றார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு குட்டி சிஆர்டி மாதிரி. கண்காட்சியில் பார்த்தவர்கள் மயங்கினார்கள். 2010இல் அதுவும் கைவிடப்பட்டது.

#16 நீலக்கதிர்

அண்ணே, எச்டி டிவிடி நல்லது, புளூ-ரே கெட்டது என்று இதிலிருந்து வராதே! இரண்டும் ஒரே மாதிரி நல்லவை. வார்னர் 2007 வரை இரண்டிலும் வெளியிட்டது. அவர்களுடைய பல படங்களில் இரண்டு தட்டிலும் ஒரே விசி-1 கோப்புதான், 30 ஜிபிக்குள் அடங்கும்படி செய்தது. பிட்டுக்குப் பிட்டு ஒரே படம். அதை வைத்து எது கூர்மை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். நானும்தான்.

முடிவும் படத்தால் வரவில்லை. யூனிவர்சல் உங்கள் பக்கம். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் உங்கள் பக்கம் வந்தது. டிஸ்னி, ஃபாக்ஸ் எங்கள் பக்கம். நடுவில் நின்றது வார்னர் மட்டும். 2008 ஜனவரி 4ஆம் தேதி அவர்கள் புளூ-ரே மட்டும் என்று அறிவித்தார்கள். லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எச்டி டிவிடி அணி தன் செய்தியாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. பிப்ரவரி 19இல் தோஷிபா கதவைச் சாத்தியது. ஒன்றரை மாதம்! அடுத்த வருடம் அதே தோஷிபா புளூ-ரே பிளேயர் செய்ய வந்தது.

#17 தட்டுச்சுற்றி

அந்த ஜனவரி 4 வெள்ளிக்கிழமை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போகட்டும்.

#18 பரண்காரன்

நேற்று ஒரு சோதனை செய்தேன். என்னிடம் புளூ-ரேயில் இருக்கும் ஒரு வார்னர் படம் மாமாவின் பெட்டியிலும் இருந்தது. இரண்டு பிளேயரிலும் ஒரே காட்சியில் நிறுத்திவைத்து, தங்கையிடம் ரிமோட்டைக் கொடுத்து, நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் மாற்றி மாற்றிப் போட்டாள். பத்து முறை சொன்னதில் ஐந்து சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

பதினோராவது முறை அவள் விளையாட்டாக டிவியின் படத் தேர்வை, நிறத்தைப் பளிச்சென்று கூட்டும் "விவிட்"டுக்கு மாற்றிவிட்டாள். வாசலில் இருந்தே கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு வருத்தமான சேதியும் உண்டு. 43இல் நான்கு தட்டுகள் சரியில்லை. கீறல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு தொடங்கவே இல்லை. மற்ற இரண்டும் படத்தின் பாதியில், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. துடைத்துப் பார்த்தேன், பயனில்லை.

#19 லென்சுக்கண்

பாதியில் நிற்பது அடுக்கு மாறும் இடமாக இருக்கலாம். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதற்குப் போகும்போது லேசர் குவிய வேண்டிய ஆழம் மாறும். அந்த அடுக்கின் பிரதிபலிப்புப் பூச்சு மங்கியிருந்தால் அங்கேயே தடுமாறும். இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்த தட்டு அல்லவா, ஒட்டும் பசையோ பூச்சோ சரியாக அமையாத தட்டுகள் உள்ளுக்குள்ளேயே கெடும். வெளியே துடைத்துப் பயனில்லை. அந்த நான்கும் போனவைதான், மன்னிக்கவும்.

இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், சில சமயம் படிக்கும். நீலக்கதிர் கிண்டல் செய்த அந்த எக்ஸ்பாக்ஸ் வெளிப்பெட்டி இருக்கிறதே, அதை யுஎஸ்பியில் கணினியோடு இணைக்கலாம். எச்டி டிவிடியைப் படிக்க இன்று பலர் நம்புவது அதைத்தான்.

#20 நீலக்கதிர்

என் பரணில் ஒன்று கிடக்கிறது. ஆமாம், எச்டி டிவிடி டிரைவ், என்னிடம். எல்லாரும் கழித்துக்கட்டிய சமயத்தில் வாங்கினேன். தட்டுச்சுற்றி அண்ணே, சிரிக்காதீர்கள். பரண்காரரே, தனிமடல் அனுப்புங்கள், அனுப்பி வைக்கிறேன்.

#21 தட்டுச்சுற்றி

சிரிக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

#22 பரண்காரன்

தனிமடல் அனுப்பிவிட்டேன் நீலக்கதிர், மிக்க நன்றி. தூக்கிப் போடவில்லை. மீதி 39ஐயும் ஒவ்வொன்றாக முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்து, எது சரி எது போச்சு என்று உறையிலேயே பென்சிலில் குறிக்கிறேன். சில உறைகளில் மாமா ஏற்கெனவே பார்த்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறார். கடைசித் தேதி 2019.